“அந்த அண்ணன் எங்கிருந்துப்பா வந்தாரு?”

லைசென்ஸ் கைக்கு வந்த மூன்றாம் நாள். மகள் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில். திருச்சி காட்டூரில் எங்கள் தெருவிலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் ஏற வேண்டும். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், மறுபடி வலது பக்கம் பார்த்தாள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தது அப்படியே. கிளட்சை விட்டாள். வண்டி அரை அடி நகர்ந்திருக்கும், பம்பரை உரசுகிற மாதிரி ஒரு ஸ்பிளெண்டர் வளைந்து போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் காதில் விழவில்லை, நல்லதாகப் போயிற்று.

அவளுக்குக் கை நடுங்கியது. “பார்த்தேன்ப்பா. சத்தியமா ரெண்டு தடவ பார்த்தேன். அந்த அண்ணன் எங்கிருந்துப்பா வந்தாரு?”

இதே கேள்வியை இன்னொரு பிள்ளை என்னிடம் கேட்டிருக்கிறான். 2011-ல், தில்லை நகர் பக்கம், வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தேன். ஓரமாக நின்ற காரின் பின்கதவு படாரென்று திறந்தது. கதவின் நுனி ஹேண்டில்பாரில் பட்டதுதான் தெரியும், அடுத்து நான் தரையில் கிடந்தேன். கதவைத் திறந்தவனுக்குப் பதினேழு வயது இருக்கும், டியூஷனுக்கு வந்த பையன். என்னைவிட அவன்தான் அதிகமாக அழுதான். “பார்த்துட்டுத்தான் அங்கிள் திறந்தேன், யாருமே வரல.” அவன் பொய் சொல்லவில்லை. முன்பக்கம் பார்த்திருக்கிறான். நான் பின்னாலிருந்து வந்தேன். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான். என் இடது கைக் கட்டைவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. கிளட்ச் பிடிக்கத் தொல்லை இல்லை. முறுக்குப் பிழியத்தான் வராது.

ஆகவே மகளைத் திட்டவில்லை. வண்டியை ரிவர்ஸ் எடுத்துத் தெருவுக்குள்ளேயே நிறுத்தச் சொன்னேன். வீட்டுக்குப் போய் அவள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அடுத்த அரை மணி நேரம் எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. மகள் டிரைவர் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் அம்மா தெருமுனையிலிருந்து ஸ்கூட்டியில் மெதுவாக வருவாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு கோணத்தில். அம்மா தெரிகிறவரை மகள் “தெரியுது, தெரியுது” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவை “தெரியுது, தெரியுது” என்றவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். அம்மா, ஸ்கூட்டி, முன்னால் தொங்கிய காய்கறிப் பை எதுவுமே இல்லை. மூன்று நொடி போல இருக்கும். அப்புறம் முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணிலிருந்து வெளியே வந்தாள்.

காரின் கூரையைத் தாங்கும் அந்தத் தூணை மெக்கானிக்குகள் பில்லர் என்பார்கள். என் பழைய வேகன்ஆரில் அது உள்ளங்கை அகலம்தான். அது போதும். சின்ன வயதில் கட்டைவிரலை நீட்டி நிலாவை மறைத்து விளையாடியிருப்போமே, அதே கணக்கு. லாரியை மறைக்க முடியாது, இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு தெரியும். எதிரே நேராக வரும் பைக்கின் அகலம் ஒரு ஆள் அகலம்தானே, முழுசாக ஒளிந்துகொள்ளும். இதில் இன்னொரு மோசமான சங்கதி உண்டு. நீங்களும் ஒரே வேகத்தில் போய், அவரும் ஒரே வேகத்தில் ஒரே இடத்தை நோக்கி வந்தால், உங்கள் கண்ணுக்கு அவர் நகரவே மாட்டார். தூணுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவார், கடைசி நொடிவரை.

தீர்வு ரொம்ப எளிது, கொஞ்சம் கோமாளித்தனமாகவும் இருக்கும். கழுத்தை மட்டும் திருப்பினால் போதாது. உடம்பை முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும், கோழி தலையை ஆட்டுகிற மாதிரி. “கோழி பாரு” என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். இப்போதும் தெருமுனையில் அவள் அப்படிச் சாய்ந்து பார்ப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். இருபத்தாறு வருஷம் பைக் ஓட்டிவிட்டுத்தான் கார் ஸ்டியரிங்கைத் தொட்டேன். என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான். சைக்கிள், மொபெட், பைக், பிறகுதான் கார். ரோட்டில் பைக்காரர் என்ன பாடு படுவார் என்பது தனியாகப் படிக்க வேண்டியதாக எங்களுக்கு இருக்கவில்லை. என் மகள் பள்ளிக்கு வேனில் போனாள், காலேஜுக்குப் பஸ்ஸில் போனாள், நேராகக் காரில் ஏறிவிட்டாள். டிரைவிங் ஸ்கூலில் கிளட்சும் கியரும் ரிவர்ஸும் கற்றுத் தந்தார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ரோட்டில் பாதிக்கு மேல் ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும், என்ன பயம் என்று அங்கே பாடம் கிடையாது.

மறுநாள் காலை கார் சாவியை எடுத்தவளிடம் ஹெல்மெட்டை நீட்டினேன். “இன்னைக்கு கார் வேண்டாம், பின்னாடி உட்காரு.”

காட்டூரிலிருந்து திருவெறும்பூர் வழியாகத் துவாக்குடி வரைக்கும் போய்த் திரும்புவதாகத் திட்டம். அவளுக்கு ஒரே ஒரு வேலைதான். நான் வண்டியை நேர்க்கோட்டிலிருந்து விலக்கும்போதெல்லாம் ஏன் விலக்கினேன் என்று காதுக்குள் சொல்ல வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் எல்லாவற்றுக்கும் “சும்மாதான் வளைக்கிறீங்க” என்றாள். அப்புறம் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். “மணல்.” ஓரத்தில் லாரி சிந்திப்போன எம்-சாண்ட், அதில் முன்சக்கரம் ஏறி பிரேக் பிடித்தால் கதை முடிந்தது. “மூடி.” ரோட்டு மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே இறங்கிய பாதாளச் சாக்கடை மூடி. “பஸ் நிக்கப் போகுது.” “நாய்.” பழைய தாருக்கு மேல் புதுத் தார் போட்ட இடத்தில் நீளவாக்கில் ஒரு விளிம்பு நிற்குமே, அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாயிற்று. காரில் போகும்போது அது இருப்பதே தெரியாது. பைக் டயரை அது தண்டவாளம் மாதிரி பிடித்து இழுக்கும்.

திருவெறும்பூர் தாண்டியதும் ஒரு டிரெய்லர் லாரி எங்களைக் கடந்தது. நன்றாகத்தான் தள்ளிப் போனார், தவறு சொல்ல முடியாது. ஆனாலும் முதலில் காற்று எங்களை வெளியே தள்ளியது, லாரி தாண்டியதும் உள்ளே இழுத்தது. மகள் என் சட்டையை இறுகப் பிடித்தாள். துவாக்குடியில் டீக்கடையில் இறங்கியபோது அவள் சொன்னது: “கார்ல போறப்ப இந்த மாதிரி எத்தன பேர நாம தாண்டிருப்போம்.”

இந்த ஒரு சவாரியைத்தான் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். ஆயிரம் ரூபாய் கட்டிக் கூடுதல் கிளாஸ் போடுவதைவிட இது மேல். பிள்ளைக்கு பைக் ஓட்டத் தெரிய வேண்டும் என்பதில்லை. பின்னால் உட்கார்ந்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, “ஏன் விலகினார்” என்று கேட்டுக்கொண்டு வந்தால் போதும்.

அதற்கப்புறம் காருக்குத் திரும்பினோம். விளையாட்டு கொஞ்சம் மாறியது. முன்னால் போகிற பைக்காரரைக் காட்டி, “அடுத்து எங்கே விலகுவார்?” என்று கேட்பேன். அவர் விலகுவதற்கு முன்னால் இவள் சொல்லிவிட்டால் இவளுக்கு ஒரு மார்க். “அங்க தண்ணி தேங்கியிருக்கு, ரைட்ல வருவாரு.” வந்தார். “ஆட்டோ ஓரங்கட்டுது, ரைட்ல வருவாரு.” வந்தார். பத்து நாளில் எனக்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ‘திடீர்னு குறுக்கே வந்துட்டான்’ என்று நாம் எரிச்சல்படுவதில் பெரும்பாலானவை திடீர் இல்லை. காரணம் அவர் முன்னால் ரோட்டில் கிடக்கிறது, நம் பானெட் உயரத்திலிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

இண்டிகேட்டரை நம்பாதே என்பதும் இதில் சேர்த்திதான். கார் இண்டிகேட்டர் திருப்பம் முடிந்ததும் தானாக அணைந்துவிடும். பைக்கில் பெரும்பாலும் கையால்தான் அணைக்க வேண்டும், பலரும் மறந்துவிடுவார்கள். காட்டூரில் போட்ட இண்டிகேட்டர் பால்பண்ணை வரைக்கும் கண்ணடித்துக்கொண்டே வரும். பிரேக் லைட்டும் அப்படித்தான். ஆக்சிலேட்டரை விட்டாலே பைக் வேகம் சட்டென்று குறையும், பின்னால் சிவப்பு எரியவே எரியாது. பைக்காரரின் உண்மையான இண்டிகேட்டர் அவருடைய தலை. ஹெல்மெட் வலது பக்கம் லேசாகத் திரும்பினால் அடுத்த இரண்டு நொடியில் வண்டியும் திரும்பும். காலை ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து எடுத்தால் நிற்கப் போகிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினால், அதைவிடத் தெளிவான சிக்னல் உலகத்தில் கிடையாது.

இடைவெளி விஷயத்தில்தான் அவளுக்கும் எனக்கும் சண்டை வந்தது. முன்னால் போகும் பைக் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் நாம் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் ரொம்ப ஒட்டிப் போகிறோம் என்று பொருள். 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி என்றால் கிட்டத்தட்ட 28 மீட்டர். “இவ்வளவு இடம் விட்டா நடுவுல நாலு பேரு புகுந்துடறாங்கப்பா.” புகுவார்கள்தான். மறுபடி பின்வாங்கு என்றேன். “அப்ப நான் எப்ப போய்ச் சேர்றது?” என்னிடம் நல்ல பதில் இல்லை. காருக்குப் பின்னால் போகும்போது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், பைக்குக்குப் பின்னால் அந்த இரண்டு நொடியைக் குறைக்கவே கூடாது என்பதில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. முன்னால் போகும் கார் பிரேக் அடித்தால் அதுவும் நிற்கும், நாமும் நிற்போம், மிஞ்சினால் பம்பர் நசுங்கும். முன்னால் போகும் பைக் பிரேக் அடித்தால் அவர் விழக்கூடும். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நாம் நிற்க வேண்டிய இடம் பைக்குக்குப் பின்னால் இல்லை, விழுந்து கிடக்கும் ஆளுக்குப் பின்னால்.

ஹாரனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைக்குக்குப் பின்னால் ஒட்டிப்போய் ஹாரன் அடிக்கக் கூடாது. தள்ளி வரும்போதே சின்னதாக ஒன்று போதும். கிட்டே போய் அடித்தால் மனிதர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பிப் பார்ப்பார், தலை திரும்பினால் வண்டியும் திரும்பும் என்று மேலே சொன்னேனே, நம் பக்கமே வருவார். அப்புறம் வைப்பர் தண்ணீர். காரில் உள்ளே உட்கார்ந்து கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சினால் கூரையைத் தாண்டிப் பின்னால் வருகிறவர் முகத்தில் சோப்புத் தண்ணீர் தெளிக்கும். மகள் ஒருநாள் சர்வசாதாரணமாக பீச்சினாள். பின்னால் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டியதை மிரரில் காட்டினேன். அதோடு விட்டுவிட்டாள்.

எதிரே வரும் பைக்கின் வேகத்தைக் கணிப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. காட்டூரில் மீடியன் இடைவெளியில் வலது பக்கம் திரும்பக் காத்திருக்கும்போது, பஸ்ஸையும் லாரியையும் சரியாகக் கணித்துக் காத்திருப்பாள். பைக் வரும்போது மட்டும் “தூரத்துலதான இருக்கு” என்று காலை எடுப்பாள். இது அவள் குறை மட்டுமில்லை. 1981-ல் வெளிவந்த ஒரு பழைய ஆய்வு உண்டு, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில் 900 பைக் விபத்துகளை விபத்து நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து எழுதியது. பைக்கும் இன்னொரு வண்டியும் மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, பைக்காரருக்கு உரிய வழியை மற்ற வண்டி மறித்ததால் நடந்தவை. எதிரே பைக் வரும்போது குறுக்கே திரும்பும் கார்தான் அதில் அடிக்கடி வரும் காட்சி. அவர்களுக்கு இடது திருப்பம், நமக்கு வலது திருப்பம், அது ஒன்றுதான் வித்தியாசம்.

படித்துச் சொன்னால் மண்டையில் ஏறாது என்பதால் ஒரு சாயங்காலம் ரோட்டோரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். தூரத்தில் தெரியும் ஒரு வண்டியைக் காட்டி, நம்மைத் தாண்ட எத்தனை நொடி ஆகும் என்று அவள் சொல்ல வேண்டும், நான் போனில் நேரம் பார்ப்பேன். பஸ்ஸுக்கு ஏழு என்றாள், ஏழரை ஆயிற்று. காருக்கு ஆறு என்றாள், ஐந்து. பைக்குக்கு எட்டு என்றாள், நாலரை நொடியில் தாண்டிப் போய்விட்டது. “நடுவுல ஸ்பீடு ஏத்திட்டாரு” என்றாள். இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் பைக்குக்கு மட்டும் அதிகமாகவே சொன்னாள். பஸ் நெருங்க நெருங்கப் பெரிதாகிக்கொண்டே வருவது கண்ணுக்குத் தெரிகிறது. பைக் ரொம்ப நேரம் புள்ளியாகவே இருந்துவிட்டுத் திடீரென்று ஆளாகிறது. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குப் பதினேழு மீட்டர் போல. நூறு மீட்டர் தள்ளித் தெரிகிறவர் ஆறு நொடியில் உங்கள் கதவருகே இருப்பார். இரண்டு டீயும் ஒரு தட்டு பஜ்ஜியும் ஆவதற்குள் அவள் கணிப்பு ஓரளவு சரியாகிவிட்டது. எனக்கும் சில தடவை தப்பியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2017 ஏப்ரல் 1 முதல் புதிதாக வரும் டூவீலர்களில் ஹெட்லைட் பகலிலும் எரியும்படிதான் செய்கிறார்கள். “ஹலோ, உங்க லைட் எரியுது” என்று அந்த வருஷம் முழுக்கக் கைகாட்டிக்கொண்டு திரிந்தோமே, அது தெரியாமல்தான். லைட் எரிவதால் புது வண்டிகள் முன்கூட்டியே கண்ணில் படுகின்றன. பழைய வண்டிகளுக்கு அந்த வசதி கிடையாது. ராத்திரியில் கதை தலைகீழ். ஒற்றை விளக்கு தெரிந்தால் பைக் என்று முடிவு கட்டக் கூடாது, ஒரு கண் போன லாரியாகவும் இருக்கும். கிட்டே இருக்கும் மங்கலான விளக்கா, தூரத்தில் இருக்கும் பிரகாசமான விளக்கா என்றும் தெரியாது. சந்தேகம் வந்தால் திரும்பாதே, அது தாண்டட்டும். எதிரே பைக் வந்தால் டிம் அடி. காரின் பிரைட் லைட் நேராகக் கண்ணில் பட்டால் அவருக்கு ரோட்டுக் குழி தெரியாது, மீடியனே தெரியாது.

எங்கள் ரோட்டுக்கென்று ஒரு தனித் தலைவலியும் உண்டு. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரைக்கும் சர்வீஸ் ரோடு வேண்டும் என்று ஜனங்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறார்கள். நாலுவழிச் சாலைக்கு இரண்டு பக்கமும் வீடு, கடை, பள்ளிக்கூடம். எதிர்ப்பக்கம் போக வேண்டியவர் அடுத்த மீடியன் இடைவெளி வரைக்கும் போய்ச் சுற்றி வர வேண்டும். அதனால் ஓரமாகவே ராங் சைடில் வந்துவிடுகிறார்கள். பால் கேனோடு வருகிறவர், பிள்ளையை ஸ்கூலில் விட்டுத் திரும்பும் அம்மா, ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் எல்லோரும்தான். சட்டப்படி தப்பு. அதைச் சொல்லிக்கொண்டே நாம் இடது ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது. இருட்டிய பிறகு இந்த ரோட்டில் இடது விளிம்பை ஒட்டி ஓட்டாதே, தெருவிலிருந்து ஏறும்போது வலது பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, இடது பக்கமும் ஆள் வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊருக்கு ஊர் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும், உங்கள் பிள்ளை ஓட்டப்போகும் ரோட்டில் என்ன என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மகளுக்கு நடந்ததைக் கேள்விப்பட்ட என் அக்கா, “இவனுக்கும் சொல்லிக்கொடுடா” என்று மகனை அனுப்பிவைத்தாள். இவன் வேறு ரகம். பதினாறு வயதிலேயே அக்கா வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு சுற்றியவன். இப்போது 18 முடியாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து மாட்டினால் பெற்றவருக்கும் வண்டிக்காரருக்கும் 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. 2019-ல் வந்த திருத்தம் அது. மாட்டாமல் தப்பித்தது அவர்கள் அதிர்ஷ்டம், விழாமல் தப்பித்தது அவன் அதிர்ஷ்டம். பைக் ஓட்டத் தெரிந்தவன்தானே, இவனுக்கு இந்தப் பாடம் சுலபம் என்று நினைத்தேன். நான் நினைத்தது தப்பு. ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிய அஞ்சாவது நிமிஷம் அவனுக்குத் தான் பைக்காரன் என்பதே மறந்துபோயிற்று.

எல் போர்டு ஒட்டிய காரில் அவன் ஓட்ட, திருவெறும்பூர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. “பெட்ரோல் போட்டுடலாம் மாமா” என்றான், இண்டிகேட்டரையும் ஸ்டியரிங்கையும் ஒரே நேரத்தில் இடது பக்கம் திருப்பினான். டமால் என்று பெரிய சத்தமெல்லாம் இல்லை. சரசரவென்று ஒரு சத்தம். இடது பக்கம் ஒரு டிவிஎஸ் எக்ஸெல், பின்னால் வாழை இலைக் கட்டு, காருக்கும் ஓரத்துக்கும் நடுவில் சிக்கி நின்றது. ஓட்டியவர் காலை ஊன்றித் தாங்கிக்கொண்டார். கட்டு சரிந்து இலையெல்லாம் ரோட்டில்.

இவன் கண்ணாடியை இறக்கி, “லெஃப்ட்ல ஓவர்டேக் பண்றீங்களே, சென்ஸ் இருக்கா?” என்றான். எனக்குக் கோபம் வந்தது. அதை ஒருபக்கம் வைத்துவிட்டு, இறங்கி இலையைப் பொறுக்குடா என்றேன். இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம். அந்தப் பெரியவர் கோபப்படவே இல்லை, அதுதான் இவனுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்து, கிழிந்ததைத் தனியே வைத்தார். “கல்யாண வீட்டு இலை தம்பி. நுனி கிழிஞ்சா வாங்க மாட்டாங்க.” நாற்பது போல வீணாகியிருந்தது. பணம் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றவர் பிறகு வாங்கிக்கொண்டார். போகும்போது இவனிடம், “கொஞ்சம் முன்னாடியே கைகாட்டிருந்தா நான் நின்னுருப்பேன்” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் இவன் விடவில்லை. “மாமா, ரூல்ஸ்படி அவர்தான தப்பு? பைக்காரங்கதான் மாமா கண்டபடி ஓட்டறாங்க.” இருக்கலாம். நான் அவனிடம் ஒரு கணக்குச் சொன்னேன். 2022-ல் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். அந்த வருஷம் எண்ணிக்கையில் அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையதுதான், 64,105. இந்தக் கணக்கில் ரூல்ஸ்படி யார் சரி என்று பிரித்து எழுதவில்லை. இவன் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். பிறகு “அவரு காலு மாட்டியிருந்தா?” என்றான். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இடது பக்கம் திரும்புவதற்கு அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. திரும்ப வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்னாலேயே, ஐம்பது மீட்டராவது இருக்கும்போதே, இண்டிகேட்டர். அப்புறம் இடது மிரர். அப்புறம் தலையைத் திருப்பி இடது பின் ஜன்னல் வழியாக ஒரு பார்வை, ஏனென்றால் மிரரில் விழாத இடத்தில்தான் எக்ஸெல் வரும். அந்தக் குவிந்த கண்ணாடியில் தெரிகிறவரும் தெரிவதைவிடக் கிட்டத்தில் இருப்பார். யாரும் இல்லை என்றால் மெதுவாக இடது ஓரத்துக்கு ஒதுங்கி, அந்த இடைவெளியை முன்கூட்டியே நாமே அடைத்துவிட வேண்டும். அப்போது பின்னால் வருகிறவர் இயல்பாக வலது பக்கமாகப் போய்விடுவார். நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்துவிட்டு சடாரென்று திருப்பினால், இடது பக்கம் நாமே விட்டு வைத்த இடத்தில் புகுந்தவரைத்தான் நாம் மோதுகிறோம். சிக்னலில் நிற்கும்போதும் இதுதான். பச்சை விழுந்ததும் கிளம்பிவிடக் கூடாது, இரண்டு பக்கமும் ஒரு பார்வை. நின்ற ஒரு நிமிஷத்தில் எத்தனை பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள் என்று நமக்குத் தெரியாது.

மழையில் இதெல்லாம் இரண்டு மடங்கு. முதல் மழையில் ரோட்டு எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்கும், ஜீப்ரா கோட்டின் பெயின்ட் வழுக்கும், இரும்பு மூடி வழுக்கும். பைக்காரர் ஹெல்மெட் கண்ணாடிக்கு வைப்பர் கிடையாது. தேங்கிய தண்ணீரில் நாம் வேகமாகப் போனால் அவருக்கு ஒரு நொடி முழுக்கக் கண் தெரியாது, அந்தச் சேற்றுத் தண்ணீர் வாய்க்குள்ளும் போகும். எனக்குப் போயிருக்கிறது.

கதவுப் பாடத்தைக் கடைசியில் வைத்தேன், என் விரலைக் காட்டி. டிரைவர் சீட்டில் இருப்பவர் கதவை வலது கையால் திறக்கக் கூடாது, இடது கையை நீட்டித் திறக்க வேண்டும். அப்படிக் கையை நீட்டினால் தோள் தானாகத் திரும்பும், தோளோடு முகமும் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு வலது கை. கதவுக்குத் தள்ளியிருக்கும் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்துக்காரர்கள் இப்படித் திறப்பார்கள் என்று படித்திருக்கிறேன், அங்கே சைக்கிள் அதிகம். முதலில் ஒரு விரல் அளவு திறந்து, ஒரு நொடி நிறுத்தி, பிறகுதான் முழுசாக. அதோடு, ஓட்டுகிறவர் சொல்லாமல் பின்சீட்டில் யாரும் கதவைத் தொடக் கூடாது, தாத்தாவாக இருந்தாலும் சரி.

அக்கா பையன் இன்னும் ஹாரனில் கை வைத்தபடியேதான் ஓட்டுகிறான், இண்டிகேட்டரை மட்டும் முன்னாலேயே போடுகிறான். மகள் இப்போது தனியாகவே வேலைக்குக் காரில் போய் வருகிறாள்.

போன மாதம் தில்லை நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. மகள் ஓட்டினாள், அவள் அம்மா முன்னால், நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பின்சீட்டில் வலது பக்கம். இடது ஓரமாக நிறுத்தினாள். மண்டப வாசலில் என் பழைய நண்பர் ஒருவர் நிற்பதைப் பார்த்த சந்தோஷத்தில் என் வலது கை நேராகக் கதவுக் கைப்பிடிக்குப் போயிற்று. இழுத்தேன், திறக்கவில்லை. லாக் போட்டு வைத்திருந்தாள்.

“அப்பா, கை,” என்றாள், மிரரிலிருந்து கண்ணை எடுக்காமல். இரண்டு பைக், ஒரு ஸ்கூட்டி, கையில் பூக்கூடையோடு பின்னால் ஒரு பாட்டி, எல்லோரும் என் கதவை உரசியபடி போய் முடிந்தார்கள். “இன்னும் வந்துட்டே இருக்காங்க. நீங்க லெஃப்ட் பக்கமா இறங்குங்க.”

பட்டு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சீட்டில் நகர்ந்து நகர்ந்து, இடது பக்கமாக இறங்கினேன். நண்பர் வாசலிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.